மாமாக் கடையில் சாப்பிடுவது எப்படி: மலேசியாவுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவுக்குப் படிக்கவோ பணியாற்றவோ உறவினரைப் பார்க்கவோ வருகிறவர்கள், வந்த சில நாள்களிலேயே ஒரு மாமாக் கடையில் போய் அமர்வார்கள். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் இந்த உணவகங்கள் கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு போன்ற பெருநகரங்களிலும், சிறு பட்டணங்களின் கடைவரிசை முனைகளிலும் உள்ளன. அதிகாலையில் திறந்து நள்ளிரவு தாண்டியும் நடப்பவை பல. 24 மணி நேரமும் இயங்குபவையும் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தாரும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் அமர்ந்து உண்ணும் இடங்கள் இந்த நாட்டில் குறைவு. அந்தக் குறைவான இடங்களில் மாமாக் கடைக்கே முதலிடம் என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு மலேசியாவின் பசியாறல் (காலை உணவு) பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா போன்ற ரொட்டி சானாய், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஆகிய மூன்றும் அதில் குறிப்பிடப்பட்டன. இவற்றில் பின்னிரண்டும் மாமாக் கடையின் அன்றாடச் சரக்கு.

புதியவர் இங்கே தடுமாறுவதற்கு மொழி மட்டுமே காரணமன்று. கடை முழுவதும் வாய்ச்சொல்லால் நடக்கிறது. பல கடைகளில் உணவுப்பட்டியல் மேசைக்கு வராது. எங்கே உட்காருவது, யாரிடம் சொல்வது, எப்போது பணம் தருவது என்று எவரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். வழக்கமாக வருகிறவர்களுக்கு இவை தெரியும் என்பதால் கடைக்காரர்களும் அதே வேகத்தில் உங்களையும் நடத்துவார்கள். இருபது முப்பது மலாய்ச் சொற்களும், எது முன்னே எது பின்னே என்ற வரிசையும் தெரிந்துவிட்டால் அந்த வேகம் உங்களுக்கும் வசதியாகவே இருக்கும்.

எது மாமாக் கடை

தமிழ்ப் பெயர்ப்பலகையையோ இந்திய முகங்களையோ கண்டு எல்லாவற்றையும் ஒரே வகைக் கடை என்று எண்ணிவிடக் கூடாது. முன்பக்கத்தில் பெரிய தோசைக்கல், கண்ணாடிப் பெட்டிக்குள் கறிகள், சுவரில் ஹலால் சான்றிதழோ அரபு எழுத்திலான வாசகமோ, கூடவே ஒரு பெரிய தொலைக்காட்சித் திரை ஆகியவை இருந்தால் அது மாமாக் கடை. அங்கே பன்றி இறைச்சியும் மதுவும் கிடையா. வெளியிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது பெரும் அவமதிப்பாகக் கருதப்படும். ஹலால் அல்லாத வேறு கடை உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் அப்படியே. வாழை இலையில் சோறும் காய்கறியும் பரிமாறும் கடைகள் பெரும்பாலும் இந்துத் தமிழர்கள் நடத்துபவை. அங்கே சோறும் காய்களும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். உண்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடிப்பது மனநிறைவின் அடையாளம். மூன்றாவது வகை, கொப்பித்தியாம் எனப்படும் சீனர்களின் காப்பிக்கடை. அங்கே பானம் கடை உரிமையாளருடையது, உணவோ தனித்தனித் தள்ளுவண்டிக்காரர்களுடையது என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பணம் தர வேண்டும். பன்றி இறைச்சி இருக்கவும் வாய்ப்பு மிகுதி. இந்தக் கட்டுரை மாமாக் கடையைப் பற்றியது மட்டுமே.

உள்ளே நுழைந்ததும்

காலியாக உள்ள எந்த மேசையிலும் நீங்களாகவே அமரலாம். யாரும் வந்து அழைத்துச் செல்லும் வரை வாசலில் நிற்க வேண்டியதில்லை. இருவர் மட்டும் வந்திருக்கும்போது எட்டுப் பேர் அமரும் நீள்மேசையைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது நன்று. கூட்ட நேரத்தில் வேறொருவர் இருக்கும் மேசையில் இடமிருந்தால் "போலே டூடோக்?" என்று கேட்டுவிட்டு அமரலாம், உங்களிடமும் அப்படிக் கேட்பார்கள், தலையசைத்தால் போதும். முந்தையவர் உண்ட தட்டுகள் மேசையில் கிடந்தாலும் அமர்ந்துகொள்ளுங்கள், ஆள் வந்து துடைப்பார்.

பணியாளரை அழைக்க வலக்கையை உயர்த்தினால் போதும். கூப்பிட வேண்டுமென்றால் "அண்ணே" என்ற சொல் எல்லா இனத்தாரும் இங்கே வழங்கும் சொல். சீன இளைஞரும் அதைத்தான் சொல்வார். "பாஸ்" என்பதும் பரவலான வழக்கு. மலாய்ப் பணியாளர் என்றால் ஆணை "அபாங்" என்றும் பெண்ணைக் "காக்" என்றும் அழைக்கலாம். விரலைச் சொடுக்குவதையும் சீழ்க்கை அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒருவரையோ ஒரு பொருளையோ ஆட்காட்டி விரலால் சுட்டுவதை மலாய்க்காரர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். மற்ற விரல்களை மடக்கி வலக்கைக் கட்டைவிரலால் காட்டுவதே இங்குள்ள பழக்கம். பணியாளர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்பதால் தமிழில் பேசத் தொடங்கலாம். ஆனால் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, பதில் வராதபோது எரிச்சல் அடையக் கூடாது.

முதலில் பானம்

நீங்கள் அமர்ந்ததும் பணியாளர் வந்து கேட்கும் முதல் கேள்வி "மினும்?" என்பதாக இருக்கும். என்ன குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். உணவை முடிவு செய்யாவிட்டாலும் பானத்தைச் சொல்லிவிடுவதே முறை. ஒரே ஒரு பானத்தை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தாலும் எவரும் எழச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் தானாகவே வராது. "ஆயிர் சுவாம்" என்றால் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும், அதற்கும் பனிக்கட்டி நீருக்கும் சில காசுகள் கணக்கில் சேரலாம்.

பானத்தைச் சொல்வதற்கு ஒரு சிறு இலக்கணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் விரும்பியது கிடைக்கும். "தே" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை கலந்த கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் வரும். "தே தாரிக்" என்பது அதையே இரண்டு குவளைகளுக்கிடையே உயரத் தூக்கி மாறி மாறி ஊற்றி ஆற்றியது. அப்படி ஆற்றும்போது சூடு தணிந்து நுரை திரள்கிறது, கெட்டிப்பாலும் நன்றாகக் கலந்துவிடுகிறது. "தே ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "தே சி" என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. இவற்றோடு "கோசோங்" என்று சேர்த்தால் சர்க்கரை இராது. "குராங் மானிஸ்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். "ஆயிஸ்" என்றால் பனிக்கட்டி சேரும். "ஹாலியா" என்றால் இஞ்சி. ஆகவே பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வேண்டுபவர் "தே ஓ கோசோங்" என்றும், எலுமிச்சை பிழிந்த குளிர்ந்த தேநீர் வேண்டுபவர் "தே ஓ ஆயிஸ் லிமாவ்" என்றும் கேட்க வேண்டும். "தே" என்ற இடத்தில் "கொப்பி" என்று மாற்றினால் காப்பிக்கும் இதே முறைதான். தமிழ்நாட்டுத் தேநீருக்குப் பழகிய நாக்குக்கு இங்குள்ள தே தாரிக் திகட்டும் அளவுக்கு இனிக்கும். முதல் முறையே "குராங் மானிஸ்" என்று சொல்லிவிடுவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கெட்டிப்பாலிலேயே சர்க்கரை இருப்பதால் வெறும் "குராங் மானிஸ்" போதாது, "தே சி கோசோங்" அல்லது "தே ஓ கோசோங்" என்றே கேட்க வேண்டும். பசும்பால் தேநீர் சில கடைகளில் மட்டும் உண்டு. "சுசு லெம்பு" இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

தேநீரைத் தவிர மைலோ, மைலோவும் நெஸ்கபேயும் கலந்த "நெஸ்லோ", ரோஜாப்பூச் சாற்றில் பால் சேர்த்த "பண்டுங்", எலுமிச்சைச் சாறான "லிமாவ் ஆயிஸ்" ஆகியவை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.

கல்லில் வேகும் உணவுகள்

ரொட்டி சானாயைக் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலும், பிறகு மாலையிலும் இரவிலும் கேட்பது நல்லது. மதிய வேளையில் சில கடைகளில் ரொட்டிக் கல்லை அணைத்துவிடுவார்கள், அல்லது முன்பே சுட்டு அடுக்கியதைத் தருவார்கள். ஊறிய மாவை வீசி மெல்லிதாக விரித்து, மடித்து, கொழுப்புத் தடவிய கல்லில் சுட்டு, எடுத்ததும் இரு உள்ளங்கைகளாலும் அடித்து அடுக்குகளைத் தளர்த்துவார்கள். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும் அந்த நிலை ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. கைப்பேசியில் படம் எடுப்பதை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு உண்ணத் தொடங்குங்கள். இன்னும் முறுகலாக வேண்டுமென்றால் "காரிங்" என்று சொல்லுங்கள்.

ரொட்டியில் "கோசோங்" என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி. பானத்தில் சர்க்கரையின்மையைக் குறித்த அதே சொல் இங்கே இப்படிப் பொருள்படுகிறது. "தெலூர்" முட்டை, "பாவாங்" வெங்காயம், "பீசாங்" வாழைப்பழம், "சார்டின்" டப்பா மீன். "ரொட்டி போம்" சிறிதாகவும் தடிமனாகவும் சர்க்கரையும் மார்கரினும் சேர்ந்து வரும். "ரொட்டி திசு" தாளைப் போல் மெல்லியதாக, கூம்பாக நிமிர்ந்து நிற்கும் இனிப்பு ரொட்டி. குழந்தைகள் அதைக் கண்டு மகிழ்வார்கள், பெரியவர்களின் பசிக்கு அது போதாது. ரொட்டியோடு பருப்புக் குழம்பு, மீன் அல்லது கோழிக் குழம்பு, மிளகாய் விழுதான சம்பால் ஆகியவை வரும். குழம்பை ரொட்டியின் மேலேயே நிறைய ஊற்றச் சொல்ல "பஞ்சிர்" என்றும், தனியே வைக்கச் சொல்ல "குவா ஆசிங்" என்றும் கேட்கலாம். கோலாலம்பூரில் ஒரு ரொட்டி கோசோங் ஏறத்தாழ 2 வெள்ளி, ஒரு தே தாரிக் 2 முதல் 3 வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றும், சென் எனும் அதன் சில்லறையைக் காசு என்றும் சொல்வார்கள் என்பதால், கணக்குச் சொல்லும்போது குழப்பம் வேண்டாம்.

கல்லில் வேகும் மற்றவற்றில் தோசையும் சப்பாத்தியும் நமக்குப் பழக்கமானவை. முர்தபா என்பது இறைச்சிக் கொத்தும் முட்டையும் வெங்காயமும் நிரப்பிச் சதுரமாகச் சுட்ட கனமான ரொட்டி. ஒருவரால் முழுவதையும் முடிப்பது கடினம். மஞ்சள் நூடுல்ஸை உருளைக்கிழங்கு, தோஃபு, முட்டை, காரச் சாறு ஆகியவற்றோடு பெரும் தீயில் வதக்கும் "மீ கோரேங்", அதே முறையில் உடனடி நூடுல்ஸில் செய்யும் "மெகி கோரேங்" ஆகியவை கேட்ட பிறகே சமைக்கப்படும். தட்டின் ஓரத்தில் வைக்கும் சிறு எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளத் தவறாதீர்கள். தந்தூரிக் கோழியும் நானும் பொதுவாக மாலைக்குப் பிறகுதான் தயாராகும்.

நாசி கண்டார்: வரிசையில் நின்று வாங்குவது

மதியத்திலும் பின்னிரவிலும் மாமாக் கடையின் உண்மையான திறமை நாசி கண்டாரில் தெரியும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித் தடியைத் தாங்கி, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறிகளும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு இது. அங்குள்ள ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய நாசி கண்டார் கடையாக அதையே பலரும் சொல்வார்கள்.

இதற்கு மேசையில் அமர்ந்து சொல்லாமல் கறிகள் வைத்திருக்கும் இடத்துக்குச் சென்று வரிசையில் நிற்க வேண்டும். முதலில் சோறு: "நாசி பூத்தே" வெறும் சோறு, பிரியாணிச் சோறும் இருக்கும். பசி குறைவென்றால் "சிக்கிட்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் மலைபோல் குவிப்பார்கள். பிறகு கோழியா மீனா ஆடா என்று கட்டைவிரலால் காட்டுங்கள். அடுத்து "பெண்டி" எனப்படும் வெண்டைக்காயோ "கோபிஸ்" எனப்படும் முட்டைக்கோசோ ஒன்று. கடைசியாகப் பரிமாறுபவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது "குவா சம்புர்" என்று சொன்னால், கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறுப்புச் சோயாக் குழம்பு எனப் பலவற்றிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோறு நனையும்படி ஊற்றுவார். தனித்தனியே சுவைத்தால் சாதாரணமாகத் தோன்றும் குழம்புகள் அந்தக் கலவையில் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. நாசி கண்டாரின் சுவை அந்தக் கலவையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரே ஒரு குழம்பைக் கேட்டு வாங்கி உண்டவர் நாசி கண்டாரை இன்னும் உண்ணவில்லை.

விலையில் கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். ஒரு கோழித் துண்டும் ஒரு காயும் சேர்ந்த தட்டு 10 வெள்ளியைத் தாண்டலாம். பெரிய இறால், சினையுள்ள கணவாய், மீன் முட்டை, மீன் தலை ஆகியவை அளவைப் பொறுத்து விலையிடப்படுவதால் தொகை திடீரென்று இரண்டு மூன்று மடங்காகும். தட்டில் விழும் முன்பே "பெராப்பா?" என்று கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள். விலையை வாடிக்கையாளர் காணும்படி எழுதி வைப்பது உணவகங்களின் சட்டக் கடமை. அளவுக்கு மீறிய தொகை என்று தோன்றினால் சத்தம் போடாமல், எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். விடை சரியில்லை என்றால் ரசீதை வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். குறைந்த பணத்தில் நாளைக் கடத்த வேண்டிய மாணவர்கள் "மெனு ரஹ்மா" உண்டா என்று கேட்கலாம். 2023 ஜனவரி இறுதியில் அரசு தொடங்கிய இத்திட்டத்தில் சேர்ந்த கடைகள் சோறும் கறியும் காயும் கொண்ட ஒரு வேளை உணவை 5 வெள்ளிக்கு மிகாமல் தருகின்றன.

உண்ணாதவற்றைச் சொல்லும் முறை

மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவர்களும் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். மலாய் மொழியில் "டாகிங்" என்பது இறைச்சியைக் குறிக்கும் பொதுச் சொல்லானாலும், உணவகத்தில் அது மாட்டிறைச்சியையே குறிக்கும். "முர்தபா டாகிங்" என்று பலகையில் எழுதியிருந்தால் அது மாட்டிறைச்சி முர்தபா. "காம்பிங்" ஆடு, "ஆயாம்" கோழி, "இக்கான்" மீன், "ஊடாங்" இறால், "சோத்தோங்" கணவாய். சூப் வாங்கும்போது எந்த விலங்கின் எலும்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "சாயா தாக் மாக்கான் டாகிங்" என்று ஒரு முறை சொன்னால் பணியாளர் உடனே புரிந்துகொள்வார். இந்துக்கள் இப்படிக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று, எவரும் தவறாக எண்ணமாட்டார்கள். "குவா சம்புர்" கேட்கும்போது "குவா டாகிங் வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் அந்தக் கலவையில் மாட்டிறைச்சிக் குழம்பும் சேரக்கூடும்.

முழுச் சைவர்களுக்கு மாமாக் கடை எளிதான இடமன்று என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். சம்பாலில் "இக்கான் பிலிஸ்" எனும் நெத்திலிக் கருவாடோ "பெலாச்சான்" எனும் இறால் விழுதோ இருக்கும். காய்கறி வதக்கலிலும் அவை மறைந்திருக்கலாம். வறுத்த சோற்றிலும் நூடுல்ஸிலும் கேட்காமலேயே முட்டையும் கோழியும் சேர்ப்பார்கள். ரொட்டி மாவில் கெட்டிப்பாலும் சில கடைகளில் முட்டையும் சேர்வதுண்டு. முட்டை ரொட்டி வெந்த அதே கல்லில்தான் வெறும் ரொட்டியும் வேகும். தோசை அல்லது சப்பாத்தி கேட்டு, "பருப்பு மட்டும், மீன் குழம்பும் சம்பாலும் வேண்டாம்" என்று சொல்லி உண்ணலாம். ஒரே கரண்டியும் ஒரே கல்லும் மனத்துக்கு ஒவ்வாதவர்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போன்ற பகுதிகளில் உள்ள இந்தியச் சைவ உணவகங்களுக்குச் செல்வதே நிம்மதி தரும்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் நாசி லெமாக், ரோஜாக் எனப்படும் பசெம்பூர், மீ கோரேங் ஆகிய மூன்றையும் கேட்காமல் தொடக் கூடாது. முதலாவதில் கடலை கண்ணுக்குத் தெரியும், மற்ற இரண்டின் சாற்றில் அரைபட்டிருக்கலாம். காரம் குறைய வேண்டுமென்றால் "குராங் பெடாஸ்". குழந்தைகளுக்கு இதைச் சொல்ல மறக்க வேண்டாம்.

மேசையில்

கையால் உண்பது இங்கே இயல்பு. பின்பக்கத்திலோ ஓரத்திலோ கை கழுவும் தொட்டி இருக்கும். வலக்கையால்தான் உண்ண வேண்டும், பொருளையும் பணத்தையும் வலக்கையால்தான் கொடுக்க வேண்டும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியும் முள்கரண்டியும் கேட்டால் கிடைக்கும். கத்தி பொதுவாக இராது. மெல்லிய தாள் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா மேசைகளிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

உணவகங்களில் புகைபிடிப்பது 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. கூரையில்லாத வெளி மேசைகளும் தடைக்கு உட்பட்டவையே. கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றுதான் புகைக்க வேண்டும், மீறினால் அபராதம் உண்டு. தூய்மையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் தரச்சான்றைப் பார்க்கலாம். உள்ளாட்சி மன்றங்கள் உணவகங்களுக்கு ஏ, பி, சி எனத் தரம் வழங்குகின்றன. சுத்தமில்லாத கடையை 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி 14 நாள்கள் வரை மூடிவைக்கவும் சுகாதார அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

வார இறுதி இரவுகளில் ஆங்கிலக் காற்பந்து ஆட்டங்கள் திரையில் ஓடும்போது கடை நிரம்பி வழியும். அப்போது உணவு வரத் தாமதமாகும். அமைதியாக உண்ண விரும்புபவர்கள் ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவது நல்லது.

கணக்கு

முடித்ததும் "அண்ணே, கிரா!" என்று சொன்னால் ஒருவர் வந்து மேசையைப் பார்த்து மனக்கணக்காகவே தொகையை எழுதித் தருவார், அல்லது முன்பே மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் பணம் கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், சீட்டுத் தராத கடைகளில் உண்டதை நீங்களே வரிசையாகச் சொல்ல வேண்டும், அங்கே உங்கள் நேர்மையை நம்பியே கணக்கு நடக்கிறது.

ரொக்கம் எல்லா இடத்திலும் செல்லும். 1, 5, 10 வெள்ளி நோட்டுகளை வைத்திருங்கள், பசியாறும் வேளையில் 100 வெள்ளியை நீட்டினால் சில்லறை கிடைப்பது கடினம். டியூட்நவ் கியூஆர் குறியீட்டை ஒட்டியிருக்கும் கடைகளில் உள்ளூர் வங்கிச் செயலியாலும் டச் என் கோ மின்பணப்பையாலும் செலுத்தலாம். வெளிநாட்டு வங்கி அட்டையை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம். 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யும் முறை நடப்பில் இருப்பதால், ஓரிரு காசு கூடியோ குறைந்தோ இருப்பது பிழையன்று. ஆண்டுக்கு 15 இலட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள உணவகங்கள் 6 விழுக்காடு சேவை வரி வசூலிக்க வேண்டும். பெரிய மாமாக் கடைகளின் ரசீதில் அதைக் காணலாம். தனியே அன்பளிப்புத் தொகை எதிர்பார்க்கப்படுவதில்லை.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல "புங்குஸ்" என்றோ சீன வழக்கில் "தாப்பாவ்" என்றோ சொல்லலாம். இருந்து உண்ணப் போகிறீர்கள் என்றால் "மாக்கான் சினி". பானத்தையும் நெகிழிப் பையில் கட்டித் தருவார்கள். "இக்காட் தெப்பி" என்றால் உறிஞ்சுகுழாய் செருக ஓர் ஓரத்தைத் திறந்து விட்டுக் கட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமையும் நோன்பு மாதமும்

வெள்ளிக்கிழமை மதியம் ஏறத்தாழ ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை ஆண் பணியாளர்கள் தொழுகைக்குச் செல்வதால் சில கடைகள் மூடியிருக்கும், சிலவற்றில் பாதி ஆள்களே இருப்பார்கள். அன்று பன்னிரண்டரை மணிக்குள் உண்டுவிடுவது வசதி.

நோன்பு மாதத்தில் கடையின் நாளே மாறிவிடுகிறது. பகலில் மூடியிருக்கும் கடைகளும் உண்டு. திறந்திருப்பவை முஸ்லிம் அல்லாதவர்களுக்காகவே இயங்கும். முஸ்லிம்கள் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்டால் சமய அதிகாரிகளின் நடவடிக்கைக்கு ஆளாவார்கள் என்பதால், முஸ்லிம் போலத் தோன்றும் ஒருவரிடம் பணியாளர் சமயத்தைக் கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர் உண்ணத் தடையில்லை; ஆயினும் நாள் முழுதும் தண்ணீர்கூட அருந்தாமல் நமக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர் எதிரே நிற்கிறார் என்பதை எண்ணி, உள்பக்க மேசையில் அமர்ந்து ஆரவாரமின்றி உண்டு எழுவதே பண்பு. மாலை ஏழு மணியை ஒட்டி நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லா மேசைகளும் முன்கூட்டியே நிரம்பிவிடும். உணவு முன்னால் இருந்தும் பாங்கு ஒலிக்கும் வரை காத்திருப்பவர்களின் நடுவே நீங்களும் இருந்தால், அந்தச் சில நிமிடங்கள் அவர்களோடு சேர்ந்து காத்திருங்கள்; அரை மணி நேரம் கழித்து வருவது இன்னும் எளிது. அதன்பின், நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் உணவு முடியும் அதிகாலை வரை கடை சுறுசுறுப்பாக இருக்கும். நோன்புப் பெருநாளன்றும் அடுத்த சில நாள்களும் பணியாளர்கள் விடுப்பில் செல்வதால் பெரும்பாலான மாமாக் கடைகள் மூடிவிடும். தனியாகத் தங்கியிருப்பவர்கள் அந்த நாள்களுக்கான உணவை முன்னரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.